கடன் கொடுத்த ஓட்டு

1967 தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால், கோவளம், திருவிடந்தை, திருப்போரூர்ப் பக்கத்துப் பழைய வைணவக் குடும்பங்களில் இரண்டு கைகளின் கதை வராமல் போகாது. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தி.மு.க.வின் உதயசூரியனில் முத்திரை குத்துங்கள் என்று ராஜாஜி பிராமணர்களைக் கேட்டுக்கொண்டார் என்பது கதை. எந்த ஊர் மேடையில் சொன்னார் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊர் சொல்வார்கள். ஊர் எதுவாக இருந்தாலும், சொன்னபடி செய்தவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர்.

நான் செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது நாவலூரில், மகன் வாங்கிய அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறேன். கீழே பழைய மகாபலிபுரம் சாலை. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கப்பால் கடல். நான்காண்டுக்கு ஒருமுறை அமெரிக்காவில் அதிபர் தேர்தல் சூடு பிடிக்கும்போது, இந்தக் கட்டடத்தின் லிஃப்டில்கூட அந்தப் பேச்சுதான். அந்நாட்டில் பெரிய தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கிறது. யாரை நிறுத்துவது என்று கட்சியின் வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். பழமையில் பற்றுள்ளவர்களிடம் போய், 'நம் ஆள் இவர்தான், இவரை நிறுத்துங்கள்' என்று ஒருவர் கெஞ்சுவார்; இன்னொருவர், 'அவர் ஜெயிக்க மாட்டார், இவருக்குப் போடுங்கள்' என்பார். 1964-ல் பாரி கோல்ட்வாட்டர் அப்படித்தான் கலிஃபோர்னியாவில் குறுகிய வித்தியாசத்தில் வென்று குடியரசுக் கட்சியின் வேட்பாளரானார். நவம்பரில் லிண்டன் ஜான்சனிடம் படுதோல்வி அடைந்தார்.

நம் ஊரில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது மேலிடத்தின் வேலை. ஆசாரக்காரர்களின் முறை கடைசிச் சுற்றில்தான் வரும், அதுவும் வேறொருவருக்காக. அப்படிக் கேட்டு வாங்கப்பட்ட ஓட்டுக்கு என்ன ஆயிற்று என்பதை 1949-லிருந்து கணக்குப் பார்க்கலாம்.

1949-ல் கேட்கப்பட்டது ராஜாஜிக்காகத்தான். மவுண்ட்பேட்டனுக்குப் பிறகு, 1948 ஜூன் முதல் அவர் கவர்னர் ஜெனரல். குடியரசு பிறக்கும் நாளில் அதே மாளிகையில் அவரே முதல் குடியரசுத் தலைவராகத் தொடர வேண்டும் என்பது நேருவின் விருப்பம். காங்கிரஸ் உறுப்பினர்கள் ஒப்பவில்லை. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ராஜாஜி எதிர்த்ததை அவர்கள் மறக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காங்கிரசின் பழமைப் பிடிப்புள்ள பிரிவு, வல்லபாய் படேலின் பக்கம் சாய்ந்த பிரிவு, ராஜேந்திர பிரசாத்தைத் தாங்கிப் பிடித்தது. கீதையையும் உபநிடதத்தையும் பற்றி எழுதி, மதுவிலக்கு கொண்டுவந்து, ஆசாரத்தின் மறுபெயராகவே இருந்த மனிதரை, ஆசாரக்காரர்களே வேண்டாம் என்றார்கள். நேரு பின்வாங்கினார். 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் போட்டியின்றித் தேர்வானார்.

அதே 1950-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் படேல் அணியின் புருஷோத்தமதாஸ் டாண்டனுக்கு 1,306 ஓட்டு. நேரு விரும்பிய கிருபளானிக்கு 1,092. பிரதிநிதிகள் உண்மையாகவே எண்ணிப் பார்த்து ஓட்டுப் போட்ட அரிய தருணம். மறு ஆண்டே டாண்டன் விலக நேர்ந்தது, தலைமை நேருவிடம் போனது. மேலிடத்துக்கு அப்போதே பாடம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்: எண்ணிப் பார்க்க விட்டால் தொல்லை.

ராஜாஜி காங்கிரசுக்கு எதிராக முழு மூச்சாக இறங்கியது நிலத்தை முன்னிட்டு. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவு முறையில் கூட்டுப் பண்ணை விவசாயம் என்று தீர்மானம் போட்டது. எங்கள் மாவட்டம் ஏரி மாவட்டம். மதுராந்தகம்போன்ற பெரிய ஏரியிலிருந்து ஊர்க்கோடித் தாங்கல் வரை நம்பித்தான் நெல். கணக்குப்பிள்ளை வரப்பை அளக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை வரும் ஊரில், வரப்பே இல்லாத வயல் என்றால் யாருக்கு வயிற்றைக் கலக்காது? தாத்தாவுக்கு எட்டு ஏக்கர் நஞ்சை. நாகபுரித் தீர்மானத்தை நாளிதழில் படித்துவிட்டு, 'பெருமாள் சொத்தையும் சேத்துண்டுடுவான்' என்று திண்ணையில் சொன்னாராம். அப்போது நான் மிகச் சிறியவள். பாட்டி சொல்லித்தான் தெரியும்.

அந்த ஆண்டு ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. என்.ஜி. ரங்கா தலைவர். மினூ மசானி, கே.எம். முன்ஷி ஆகியோர் உடன். ராஜாஜிக்கு வயது எண்பது. நட்சத்திரம் சின்னம். லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று எதற்கெடுத்தாலும் அரசிடம் கைகட்டி நிற்க வேண்டிய நிலையைக் கண்டித்து 'சுயராஜ்யா'வில் ஆங்கிலத்திலும் 'கல்கி'யில் தமிழிலும் வாராவாரம் எழுதினார். எங்கள் வீட்டில் 'கல்கி' வந்தால் தாத்தா ராஜாஜியைப் படித்து முடிக்கும்வரை தொடர்கதைப் பக்கம் யாருக்கும் கிடையாது.

1962-ல் சுதந்திரா கட்சி முதல் முறை பொதுத்தேர்தலைச் சந்தித்தது. மக்களவையில் 18 இடம். சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் வெறும் 6. காங்கிரஸ் 139, தி.மு.க. 50. அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். ராஜாஜி கணக்குப் போட்டார்: காங்கிரசுக்கு எதிரான ஓட்டு சிதறுகிறது, சிதறாமல் இருக்க வேண்டுமானால் அண்ணாதுரையோடு சேர வேண்டும்.

எளிதில் சொல்லிவிடலாம், செய்வது அப்படியில்லை. தி.மு.க. எங்கிருந்து வந்தது என்று எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் நடந்த காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை ஏற்காததால் பெரியார் வெளியேறினார். 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு செங்கல்பட்டு ஊரிலேயே நடந்தது, டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் தலைமை வகித்தார். சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னதும், பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டதும் அந்த மாநாடு. ஆண்டாண்டு காலமாகக் கட்டிக் காத்த வீட்டின் கதவை அந்தப் பரம்பரைக்கே திறந்து விடச் சொல்கிறாரே கிழவர் என்று அக்கிரகாரம் திகைத்ததில் வியப்பில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த மாநாடு கேட்டவற்றில் பலவும் நியாயம்தான். அதைத் தாத்தா முன்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆனாலும் அக்கிரகாரத்தார் அவர் சொன்னதைக் கேட்டார்கள். அதற்குப் பூணூலைவிடப் பெரிய காரணம் ஆங்கிலம் என்பது என் எண்ணம். 1937-ல் முதல்வராக இருந்து பள்ளிகளில் இந்தியைப் புகுத்திய அதே ராஜாஜி, 1965-ல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதற்கு எதிராக நின்றார். அக்கிரகாரத்துப் பிள்ளைகள் டெல்லிக்கும் பம்பாய்க்கும் குமாஸ்தா வேலைக்கும் கணக்காளர் வேலைக்கும் போய்க்கொண்டிருந்த காலம். மத்திய அரசுத் தேர்வு இந்தியில் என்றானால் கிடைக்கும் ஒரே வழியும் அடைபடும். 1965 போராட்டத்தில் மாணவர்கள் செத்தபோது, எங்கள் பகுதியிலிருந்து மத்திய அமைச்சராக இருந்த ஓ.வி. அளகேசனும் சி. சுப்பிரமணியமும் பதவி விலகக் கடிதம் கொடுத்தார்கள். காங்கிரஸ்காரரே விலகினால் காங்கிரசுக்கு எதற்கு ஓட்டு? இந்த வாதம் தாத்தாவின் தம்பியுடையது. அவர் மகன் அப்போது நாகபுரியில் தணிக்கை அலுவலகத்தில் இருந்தார்.

1967 பிப்ரவரி எனக்கு நினைவிருக்கிறது, துண்டு துண்டாக. அரிசி கிடைக்காத காலம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சுவரெல்லாம் எழுத்து. ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். படுத்திருந்த படத்தை ஒட்டிய தட்டி வண்டிகள் கேளம்பாக்கம் சந்தைக்கு வந்தன. அவர் நின்றது பரங்கிமலைத் தொகுதி. அதுவும் அன்று எங்கள் மாவட்டமே. மருத்துவமனையில் படுத்துக்கொண்டே ஜெயித்தார்.

ஓட்டுப் போடும் நாள் காலை பாட்டி தளிகையை முடித்துவிட்டு, 'எந்தப் பக்கம் குத்தணும்?' என்றாள். சூரியன் என்றார் தாத்தா. 'சாமி இல்லேங்கறவாளுக்கா?' 'ராஜாஜி சொல்லியாச்சு.' அதற்கு மேல் பேச்சில்லை. பாட்டி ஓட்டுச்சாவடியிலிருந்து திரும்பிவந்து கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அது தீட்டுக் குளியலா, வெயிலுக்கா என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.

சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 137 இடம், காங்கிரசுக்கு 51, சுதந்திராவுக்கு 20. மக்களவையில் தி.மு.க. போட்டியிட்ட 25 தொகுதிகளையும் பிடித்தது. காங்கிரசுக்கு மாநிலத்தில் மூன்றே மூன்று. முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில், ராமாநுஜர் பிறந்த ஊரில், தோற்றார். காமராஜர் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி தி.மு.க.வின் சி. சிட்டிபாபுவுக்குப் போனது. அரிசியும் மொழிப் போரும் எம்.ஜி.ஆரின் கழுத்துக் கட்டும் சேர்ந்து கொண்டுவந்த வெற்றி அது. முஸ்லிம் லீகும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகளும் அந்தக் கூட்டணியில் இருந்தார்கள். பூணூல் ஓட்டினால்தான் என்று சொல்வது எங்கள் பக்கத்துக் கிழவர்களின் பெருமிதம். ஆனால் அந்த ஓட்டு வந்தது, பயம் இருந்தும் வந்தது என்பது உண்மை.

அண்ணா வென்றதும் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். பெரியார் அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தவர். கடன் கொடுத்தவர் சென்னையில் காத்திருக்க, எதிர்த்தவர் வீட்டுக்கு முதல் மாலை. தனிப் பெரும்பான்மை இருந்ததால் அமைச்சரவையில் சுதந்திராவுக்கு இடமில்லை. அந்த ஆண்டே சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வந்தது. 1968 ஜனவரியில் இருமொழித் தீர்மானம்: பள்ளியில் இந்தி போய், தமிழும் ஆங்கிலமும் நின்றன. கடனில் திரும்ப வந்த பங்கு இது ஒன்றுதான் என்பேன். அதுவும் சிறியதல்ல. என் ஜன்னலுக்குக் கீழே சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகளில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் அந்த ஆங்கிலத்தின் விலை தெரியும்.

நிலம் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். 1961-ல் காங்கிரஸ் அரசு போட்ட நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம். 1970-ல் தி.மு.க. அதைப் பாதியாக்கி 15 ஏக்கர் என்றது. தாத்தாவின் எட்டு ஏக்கரை அது தொடவில்லை. ஆனால் கூட்டுப் பண்ணைக்கு அஞ்சிச் சூரியனில் குத்திய பெரிய மிராசுகளை அது தொட்டது.

இதற்கிடையே 1969 வந்தது. ஒரு குடியரசுத் தலைவர் தேர்தலில் பழமைக் கட்சிகளைக் கைகூப்பிக் கேட்ட கதை இந்தியாவில் ஒன்றே ஒன்று உண்டென்றால் இதுதான். பள்ளியில் இதைப் பாதி வகுப்பில் முடித்துவிடச் சொல்வார்கள். நான் இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்வேன்.

மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் மேலிடத்தில், 'சிண்டிகேட்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த பழைய தலைவர்கள், நிஜலிங்கப்பா, காமராஜர், எஸ்.கே. பாட்டீல் ஆகியோர், நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். இந்திரா காந்திக்கு அது பிடிக்கவில்லை. ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார். பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். இந்தக் கிரி 1937-ல் ராஜாஜியின் அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். சுதந்திராவும் ஜனசங்கமும் தங்கள் பங்குக்கு சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர், பின்பு நிதி அமைச்சர். பண்பும் படிப்பும் நிறைந்தவர், வெற்றி வாய்ப்பு இல்லாதவர்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் இரண்டாவதாக யாரை எழுதியிருக்கிறார்களோ அவருக்கு மாற்றுவார்கள். அதனால் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களைப் போய்ப் பார்த்தார். முதல் ஓட்டு உங்கள் ஆளுக்கு, இரண்டாவது ஓட்டை எங்கள் சஞ்சீவ ரெட்டிக்குக் கொடுங்கள். இந்திராவுக்கு வேண்டிய ஆயுதம் கிடைத்துவிட்டது. பிற்போக்குக் கட்சிகளோடு ரகசியப் பேரம் என்று குற்றம் சாட்டி, மனசாட்சிப்படி ஓட்டளியுங்கள் என்று காங்கிரஸ்காரர்களைக் கட்டவிழ்த்துவிட்டார்.

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு, 20 அன்று எண்ணிக்கை. கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. தேவை 4,18,169. தேஷ்முக்கும் மற்றவர்களும் நீக்கப்பட்டு இரண்டாவது விருப்பங்கள் மாறியபின், கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இந்த எண்களை மாணவர்கள் முன்னால் கரும்பலகையில் கழித்துக் காட்டுவேன். மாறி வந்த ஓட்டில் ரெட்டிக்கு 91,879; கிரிக்கு 18,562. ஆறில் ஐந்து பங்கு, கேட்டவருக்குக் கேட்டபடியே போயிருக்கிறது. பழமைக் கட்சிக்காரர்கள் வாக்குத் தவறவில்லை. ஓட்டை விழுந்தது கடன் வாங்கியவர் வீட்டில்: காங்கிரசின் சொந்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கட்சி வேட்பாளரைக் கைவிட்டுக் கிரிக்குப் போட்டார்கள்.

தி.மு.க. கிரியை ஆதரித்தது. கிரிக்கும் ரெட்டிக்கும் இடையே 14,650 ஓட்டு. அன்று ஓர் எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 576. மக்களவையின் 25 தி.மு.க. உறுப்பினர்களைப் பெருக்கினால் 14,400. சட்டமன்ற உறுப்பினர்களைச் சேர்க்காமலே அவ்வளவு. எங்கள் தாத்தா ராஜாஜி பேச்சைக் கேட்டுச் சூரியனில் குத்தி அனுப்பிய செங்கல்பட்டு எம்.பி. அந்த 25 பேரில் ஒருவர். ராஜாஜியின் கட்சி இரண்டாவது விருப்பமாகக் கொடுத்த ஓட்டை, ராஜாஜியின் வார்த்தையும் துணைநிற்க ஜெயித்து வந்த உறுப்பினர்களே செல்லாக் காசாக்கியிருக்கிறார்கள். தாத்தாவிடம் இந்தப் பெருக்கல் கணக்கைச் சொல்லும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

1971-ல் மூன்றாவது கடன். தொண்ணூற்றிரண்டு வயதில் ராஜாஜி, ஆயுள் முழுக்க எதிரியாக இருந்த காமராஜரோடு ஒரே மேடை ஏறினார். ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழக ஊர்வலத்தில் ராமர் படத்துக்கு நேர்ந்த அவமதிப்பைச் சோவின் 'துக்ளக்' வெளியிட, அந்த இதழ் பறிமுதலானது. ஆசார ஓட்டு முழுவதும் இந்த முறை ஒரே பக்கம் திரளும் என்று அக்கிரகாரம் நம்பியது. பாட்டிகூடக் கேள்வி கேட்காமல் போய்க் குத்தினாள். தி.மு.க. 184 இடத்தில் வென்றது. காங்கிரஸ் பிளந்தபின் காமராஜர் பக்கம் நின்ற பழைய காங்கிரசுக்கு 15. சுதந்திராவுக்கு 6. மக்களவையில் 1967-ல் 44 ஆக இருந்த சுதந்திரா நாடு முழுவதுமாக 8 ஆனது. அந்த ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 25 அன்று ராஜாஜி போய்ச் சேர்ந்தார்.

அவர்மேல் எனக்குக் குறை உண்டு. யாரை வீழ்த்துவது என்பதை அவர் தம் வாக்காளர்களுக்குக் கூர்மையாகச் சொல்லிக்கொடுத்தார். எதைக் கட்டுவது என்பதை 'கல்கி' படிக்கிறவர்களுக்குச் சொன்னார், வயலில் நிற்கிறவனுக்குச் சொல்லவில்லை. எங்கள் தாலுகாவில் சுதந்திரா கட்சிக்கு ஒரு கிளை அலுவலகமோ, வீடு வீடாக வரும் ஓர் ஆளோ இருந்ததாக எனக்கு நினைவில்லை. தி.மு.க.வுக்குப் படிப்பகம் இருந்தது, முடிதிருத்தும் கடை இருந்தது, நாடகம் இருந்தது. ஒரே மனிதரின் வார்த்தையில் நின்ற கட்சி அவரோடு போனது. 1974-ல் சுதந்திராவில் மிஞ்சியவர்கள் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தார்கள்.

1977-ல் குடியரசுத் தலைவர் பதவிக்கு 37 வேட்புமனுக்கள் வந்தன. 36 தள்ளுபடியாயின. ஒன்று நின்றது. ஜூலையில், ஒருவரிடமும் இரண்டாவது விருப்பம் கேட்க வேண்டிய அவசியமின்றி, ஓட்டுப்பதிவே இல்லாமல், நீலம் சஞ்சீவ ரெட்டி குடியரசுத் தலைவரானார்.